சிப்ஸில் இருந்த மாட்டுக் கொழுப்பும் நான் படித்த சாப்பாட்டு இங்கிலீஷும்

இங்கிலாந்துக்குப் படிக்கக் கிளம்புகிற பிள்ளைகளுக்கு ஜெர்க்கின் எத்தனை வேண்டும், குக்கர் எத்தனை லிட்டர், இட்லிப்பொடி எத்தனை கிலோ என்று சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அங்கே போனபின் கடையில் நின்று என்ன கேட்பது, பாக்கெட்டின் பின்பக்கம் எழுதியிருப்பதை எப்படிப் படிப்பது, யாராவது ஒரு தட்டை நீட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டால் என்ன பதில் சொல்வது, இதையெல்லாம் சொல்ல ஒருவரும் இல்லை. எனக்கு யாராவது சொல்லியிருந்தால் கொஞ்சம் பணமும், கைக்கு வந்த ஒரு வேலையும், நிறைய மனவருத்தமும் மிச்சமாகியிருக்கும். அடுத்த செட் கிளம்பும் நேரம் இது, அதனால் எழுதி வைக்கிறேன்.

நான் 2024 செப்டம்பரில் வட இங்கிலாந்தின் லீட்ஸுக்கு எம்.எஸ்சி. படிக்க வந்தவன். ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வில் ஸ்கோர் 7.5. பருவநிலை மாற்றம் பற்றி இரண்டு பக்கம் எழுதச் சொன்னால் மூச்சுவிடாமல் எழுதுவேன். அது போதாது என்று அப்பா ஆன்லைனில் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு 12,000 ரூபாய் கட்டிச் சேர்த்துவிட்டிருந்தார். அதில் சாப்பாட்டு வார்த்தைகளுக்கென்றே தனிப் பாடம் உண்டு. கத்தரிக்காய் எக்பிளான்ட், கொத்தமல்லி சிலான்ட்ரோ, வெள்ளரிக்காய் மாதிரி இருப்பது ஜூக்கினி, உருளைக்கிழங்கு வறுவல் ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ், பிஸ்கட் குக்கீ என்று உட்கார்ந்து மனப்பாடம் செய்தேன். லீட்ஸ் கர்க்கேட் மார்க்கெட்டுக்குப் போய் நின்றால் கத்தரிக்காய் மேல் ஓபர்ஜீன் என்று அட்டை வைத்திருக்கிறார்கள், ஜூக்கினி கூர்ஜெட் ஆகியிருக்கிறது, கொத்தமல்லி பழையபடி காரியாண்டர், பிஸ்கட் பிஸ்கட்டேதான். எனக்குச் சொல்லிக்கொடுத்தது மொத்தமும் அமெரிக்க ஆங்கிலம். அந்த 12,000 ரூபாய் கோவிந்தா. வகுப்பில் சேர்வதற்கு முன் எந்த நாட்டு ஆங்கிலம் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், குறிப்பாக சாப்பாட்டு விஷயத்தில் இரண்டும் ரொம்ப விலகிப் போகின்றன.

சரி, இந்த மாதிரி வார்த்தைகளால் பெரிய நஷ்டம் எதுவும் வராது. காய் கண்ணெதிரே கிடக்கிறது, பெயர் தெரியாவிட்டால் விரலை நீட்டிக் காட்டி வாங்கிக்கொள்ளலாம். என்னைக் கவிழ்த்தவை எல்லாம் எனக்கு ஏற்கெனவே தெரிந்த வார்த்தைகள். தயிர்சாதம் சாப்பிடாமல் நாக்கு செத்துப்போன முதல் வாரத்தில் சூப்பர்மார்க்கெட் ஆப்பில் 'கர்ட்' என்று தேடினேன். வந்தது ஒரே பொருள், லெமன் கர்ட். எலுமிச்சை மணத்தோடு தயிர் போல, இருக்கட்டும் என்று இரண்டு பாட்டில் ஆர்டர் போட்டேன். வந்தது முட்டை, வெண்ணெய், சர்க்கரை, எலுமிச்சைச்சாறு எல்லாம் போட்டுக் காய்ச்சிய மஞ்சள் ஜாம். ஒரு ஸ்பூன் எடுத்துச் சோற்றில் போட்டுப் பிசைந்தும் பார்த்துவிட்டேன், அதைப் பற்றி மேற்கொண்டு பேச விரும்பவில்லை. இங்கே தயிருக்கு நேச்சுரல் யோகர்ட் என்று கேட்க வேண்டும், கெட்டியாக வேண்டுமென்றால் கிரீக். முருங்கைக்காய் சாம்பாருக்காக 'ட்ரம்ஸ்டிக்' என்று தேடினால் கோழிக்கால் வரும். 'கூஸ்பெர்ரி' வாங்கி ஊறுகாய் போடலாம் என்று யோசிக்காதீர்கள், அது நம் நெல்லிக்காய் இல்லை, மேலே கோடு கோடாக, மெல்லிய முடியோடு இருக்கும் வேறு ஒரு பழம். 'செல்ஃப் ரைசிங் ஃப்ளார்' என்ற மாவில் பேக்கிங் பவுடர் கலந்தே வரும், அதில் பூரி போட்டால் பன் மாதிரி வரும். மைதாவுக்கு 'பிளெயின் ஃப்ளார்', ரவைக்கு 'செமோலினா', கடலைமாவுக்கு 'கிராம் ஃப்ளார்', ஆப்பசோடாவுக்கு 'பைகார்பனேட் ஆஃப் சோடா'. இந்த நாலையும் போனிலேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் சில்லறை நஷ்டம். இரண்டு பவுண்டு, மூன்று பவுண்டு. மனசை உடைத்தது வேறு. இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப யோசித்தேன். நான் கோழி, மீன், ஆட்டுக்கறி எல்லாம் சாப்பிடுவேன், மாட்டுக்கறி மட்டும் சாப்பிட மாட்டேன். வீட்டுப் பழக்கம், அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு, அவ்வளவுதான், சாப்பிடுகிறவர்களைப் பற்றி எனக்கு ஒரு கருத்தும் இல்லை. லீட்ஸில் என் அறைக்குக் கீழ்த்தெருவில் ஒரு மீன்-சிப்ஸ் கடை. குளிரில் கிளாஸ் முடிந்து வரும்போது அந்தக் கடை ஜன்னலில் ஆவி படிந்திருக்கும், உள்ளே நுழைந்தாலே உடம்பு சூடேறும். நாலு பவுண்டுக்குள் ஒரு பெரிய பொட்டலம் சிப்ஸ் (வகுப்பில் சொன்ன ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸுக்கு இங்கே அதுதான் பெயர்), உப்பும் மால்ட் வினிகரும் தாராளமாகப் போட்டு. உருளைக்கிழங்குதானே, எந்த வம்பும் இல்லாத சாப்பாடு என்று அந்தக் குளிர்காலம் முழுக்க அதைத்தான் தின்றேன். மாவில் பொரிந்த துணுக்குகளை 'ஸ்க்ராப்ஸ்' என்று சும்மாவே கொடுப்பார்கள், அதையும் கேட்டு வாங்கித் தின்றேன். சுவரில் 'ட்ரெடிஷனல் ட்ரிப்பிங்' என்று பெருமையாக எழுதி வைத்திருந்தார்கள். ட்ரிப் என்றால் சொட்டு, ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற ட்ரிப்ஸ், அப்படியானால் எண்ணெய் சொட்டச் சொட்டப் பழைய முறையில் பொரிக்கிறார்கள் என்று நானே ஒரு பொழிப்புரை எழுதிக்கொண்டேன்.

தேங்காய்ப்பூவும் கறிவேப்பிலையும் வாங்குகிற கடையில் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் கல்லாவில் இருப்பார். ஒருநாள் பேச்சுவாக்கில் சிப்ஸ் பற்றிச் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "தம்பி, இஞ்ச கன கடையள்ல அது மாட்டுக் கொழுப்பிலதானே பொரிக்கிறவை. உமக்குத் தெரியாதே?" என்றார். எனக்குக் காது அடைத்துக்கொண்டது. கடைக்கு வெளியே வந்து போனில் தேடினேன். ட்ரிப்பிங் என்றால் மாட்டிறைச்சியை வாட்டும்போது உருகி வழிகிற கொழுப்பு. லீட்ஸ் இருக்கிற யார்க்‌ஷயரில் மீனையும் சிப்ஸையும் அதில் பொரிப்பதுதான் காலகாலமான வழக்கம், அந்த மொறுமொறுப்பும் வாசனையும் அதனால்தான் என்று இந்த ஊர்க்காரர்கள் பெருமைப்படுகிறார்கள். தெற்கே போனால் பெரும்பாலும் தாவர எண்ணெய்தான். அன்று இரவு சாப்பிடவில்லை. மறுநாள் அம்மா போன் செய்து என்னப்பா சாப்பிட்ட என்று கேட்டபோது வாய் வரவில்லை. நான் ஒன்றும் பெரிய பக்திமான் இல்லை, ஆனாலும் தெரிந்து சாப்பிடுவதற்கும் தெரியாமல் வாய்க்குள் போய்விட்டது என்பதற்கும் நடுவில் ஒரு அருவருப்பு இருக்கிறது, அது சீக்கிரம் போகவில்லை. கடைக்காரர் மேலும் கோபப்பட முடியாது, அவர் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறார்.

ஆகவே, மாடோ பன்றியோ சாப்பிடாதவர்களும், முழு சைவமாக இருப்பவர்களும் வட இங்கிலாந்தில் சிப்ஸ் கடைக்குள் நுழைந்தால் முதலில் "வாட் டு யூ ஃப்ரை இன்?" என்று கேளுங்கள். சாதாரணமாகக் கேட்கிற கேள்விதான், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. 'வெஜிடபிள் ஆயில்' என்றால் மாட்டுக் கொழுப்பு இல்லை, ஆனால் பெரும்பாலும் அதே எண்ணெயில்தான் மீனும் பொரியும், முழு சைவர்கள் அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். கொழுப்புக்கு இவர்களிடம் தனித்தனிப் பெயர்கள் இருக்கின்றன. 'ட்ரிப்பிங்' பார்த்தாயிற்று. 'லார்ட்' பன்றிக் கொழுப்பு. 'சூயெட்' என்பது மாட்டின் அல்லது ஆட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கெட்டிக் கொழுப்பு, பலகாரத்தில் போடுவார்கள். 'கேமன்' பன்றித்தொடை. 'பிளாக் புட்டிங்' இனிப்பு இல்லை, பன்றி ரத்தத்தில் செய்தது. 'யார்க்‌ஷயர் புட்டிங்'கும் இனிப்பு இல்லை, மாவும் முட்டையும் பாலும் கலந்து அடுப்பில் உப்ப வைத்த கிண்ணம், அதைச் சுடும் தட்டில் ஊற்றுவதும் பல வீடுகளில் ட்ரிப்பிங்தான். வெறுமனே 'புட்டிங்' என்று சொன்னால் மட்டும் சாப்பாட்டுக்குப் பின் வருகிற இனிப்பு. எனக்கும் தலை சுற்றத்தான் செய்தது.

இதற்கப்புறம்தான் பாக்கெட்டைத் திருப்பிப் படிக்க ஆரம்பித்தேன். ஒன்று கவனியுங்கள். இங்கே பாக்கெட்டில் சில பொருட்களின் பெயர் மட்டும் தடித்த எழுத்தில் இருக்கும். அவை ஒவ்வாமை உண்டாக்கக்கூடியவை என்று சட்டம் பட்டியலிட்ட 14 வகை. பால், முட்டை, நிலக்கடலை, எள், மீன், இவற்றோடு கடுகும் அதில் உண்டு. (தாளிக்காமல் ஒரு நாளும் விடியாத வீட்டிலிருந்து வந்தவனுக்குக் கடுகு எச்சரிக்கைப் பட்டியலில் இருந்தது சிரிப்பாக இருந்தது. சிரிக்கிற விஷயமில்லை. நடாஷா என்ற 15 வயதுப் பெண் 2016-இல் ஒரு பகெட் ரொட்டியில் எள் இருப்பது எழுதப்படாததால் சாப்பிட்டு இறந்துபோனாள், கடையிலேயே செய்து பொட்டலம் கட்டி விற்பதிலும் முழுப் பட்டியல் எழுத வேண்டும் என்று அவள் பெயரால் அழைக்கப்படும் சட்டம் 2021 அக்டோபரில் வந்தது.) நமக்கு இதில் உள்ள சிக்கல் என்னவென்றால், தடித்த எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறோம். மாட்டுக் கொழுப்பும் ஜெலட்டினும் அந்த 14-இல் கிடையாது, அவை சாதாரண எழுத்தில் நடுவில் எங்கோ இருக்கும். ஜெலட்டின் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுப்பது, ஜெல்லியிலும் மார்ஷ்மெல்லோவிலும் வரும், சில யோகர்ட்டில்கூட வரும். பார்மெசான் சீஸைக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் நொதியை வைத்துத்தான் உறைய வைக்கிறார்கள். வூஸ்டர் சாஸில் நெத்திலி மாதிரியான மீன் இருக்கிறது, நம்ம ஊர்ப் புளியும் இருக்கிறது. முழு சைவர்கள் 'சூட்டபிள் ஃபார் வெஜிடேரியன்ஸ்' என்ற வரியையோ பச்சை 'வி' அடையாளத்தையோ தேடிவிட்டு வாங்குவது நல்லது.

வேலை போன கதை. ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு சாண்ட்விச் கடையில் பார்ட் டைம் வேலைக்கு ஆள் வேண்டும் என்று பார்த்துப் போனேன். ஒரு நாள் சோதனை, ஐந்து மணி நேரம், சம்பளம் கிடையாது, பிடித்தால் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். அப்போது குறைந்தபட்சக் கூலி மணிக்கு 11.44 பவுண்டு, அதாவது 57 பவுண்டு வேலையைச் சும்மா செய்து கொடுத்தேன். நம் காசுக்கு ஆறாயிரம். முதல் ஆள் வந்து "பேக்கன் பிரெட்கேக், பிரவுன் சாஸ், லவ்" என்றார். கேக் எங்கே இருக்கிறது என்று கண்ணாடிப் பெட்டியைப் பார்க்கிறேன். பிரெட்கேக் என்றால் இந்த ஊரில் உருண்டை பன் ரொட்டி. அதையே இதே யார்க்‌ஷயரில் சிலர் டீகேக் என்கிறார்கள், மான்செஸ்டர் பக்கம் பார்ம், நடு இங்கிலாந்தில் காப். பட்டி என்றால் எதையாவது ரொட்டிக்குள் வைத்தது, சிப்ஸை ரொட்டிக்குள் வைத்தால் சிப் பட்டி. அப்புறம் ஒருவர் "ஜாக்கெட் வித் பீன்ஸ்" கேட்டார். நான் அவர் கோட்டைப் பார்த்தேன். தோலோடு சுட்ட பெரிய உருளைக்கிழங்கு அது. பக்கத்தில் நின்ற பெண் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். கடைசியில் கொட்டிக் கவிழ்த்தது 'ஹாட்'. ஒரு பெரியம்மா சூப் பானையைக் காட்டி "இஸ் இட் ஹாட்?" என்றார். காரமாக இருக்குமா என்று கேட்கிறார் என நினைத்து, நாம் குடித்தால் ஒன்றுமே தெரியாத சூப் அது, "நோ, நாட் அட் ஆல்" என்றேன். ஆறிப்போன சூப்பையா விற்கிறீர்கள் என்று அவர் முதலாளியிடம் கேட்டுவிட்டுப் போனார். மாலையில் அவர்கள் அழகாகச் சிரித்து, போன் செய்கிறோம் என்றார்கள். செய்யவில்லை.

காரத்துக்கும் சூட்டுக்கும் இவர்களிடம் ஒரே வார்த்தை, ஆகவே யார் கேட்டாலும் நீங்கள் திருப்பிக் கேளுங்கள்: "ஹாட் ஆஸ் இன் ஸ்பைசி?" பதில் சொல்லும்போதும் காரத்துக்கு ஸ்பைசி என்றும், சூட்டுக்கு ஸ்டில் வார்ம், பைப்பிங் ஹாட் என்றும் பிரித்தே சொல்லிவிடுங்கள். சம்பளமில்லாத சோதனை வேலை பற்றியும் சொல்லியாக வேண்டும். எத்தனை மணி நேரம், காசு உண்டா என்று போவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். ஒரு மணி நேரம் நின்று பார்ப்பது வேறு, மதியக் கூட்டம் முழுவதற்கும் ஓசியில் ஆள் கிடைத்தது என்று வைத்துக்கொள்வது வேறு. அப்புறம் இன்னொன்று, போகும் கடையின் மெனுவை முதல் நாளே போட்டோ எடுத்து வந்து, ஒவ்வொன்றும் என்ன, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு போங்கள். அடுத்த கடையில் எனக்கு வேலை கிடைத்தது அப்படித்தான்.

கிளாஸில் கூடப் படிக்கிற ஒருவனின் வீடு வேக்ஃபீல்டில். சனிக்கிழமை ஐந்தரைக்கு டீக்கு வா என்று அவன் அம்மா சொன்னதாகச் சொன்னான். டீயும் பிஸ்கட்டும்தானே என்று இரண்டு மணிக்கே வயிறு முட்டச் சாம்பார் சாதம் தின்றுவிட்டுப் போனேன். வட இங்கிலாந்தில் சாயங்காலச் சாப்பாட்டுக்குப் பெயரே டீ. மேஜையில் கோழி ரோஸ்ட், கிழங்கு, காய், குழம்பு. விருந்தாளி சாப்பிடாமல் இருந்தால் எந்த ஊர் அம்மாவுக்கும் முகம் வாடும், ஆகவே தின்றேன். கடைசியில் ரூபார்ப் கிரம்பிள் வந்தது, ரூபார்ப் என்ற புளிப்புத் தண்டின் மேல் மாவை உதிர்த்துப் போட்டுச் சுட்ட இனிப்பு. லீட்ஸ், வேக்ஃபீல்ட், பிராட்ஃபோர்ட் பக்கத்துக்கு ரூபார்ப் முக்கோணம் என்றே ஒரு பெயர் உண்டு. குளிர்காலத்தில் இருட்டுக் கொட்டகையில் வளர்த்து, வெளிச்சம் பட்டால் தண்டு முரடாகிவிடும் என்று மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அறுவடை செய்கிறார்கள். 2010-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாக்கப்பட்ட பெயர் அந்தஸ்தும் அதற்குக் கிடைத்தது. இளஞ்சிவப்பாகக் கீரைத்தண்டு மாதிரி இருக்கும், புளிப்பு கிட்டத்தட்ட நம் புளிச்சகீரைப் புளிப்பு. எனக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. எப்படி இருக்கிறது என்று அந்த அம்மா கேட்டதும் "வெரி சவர், ஆன்ட்டி" என்றேன், புளிக்குழம்பு நல்லாப் புளிப்பா இருக்குன்னு சொல்கிற பாராட்டாக நினைத்து. அவர் முகம் சுருங்கியது. சர்க்கரை பத்தவில்லையா என்று கேட்டு மன்னிப்புக் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

வரும் வழியில் நண்பன் விளக்கினான். சாப்பாட்டைப் பார்த்து சவர் என்றால் பாதி நேரம் கெட்டுப்போன பால் ஞாபகத்துக்கு வரும். நல்ல புளிப்புக்கு இவர்கள் டார்ட், ஷார்ப், டேங்கி என்பார்கள். ரூபார்ப், பச்சை ஆப்பிள் எல்லாம் டார்ட். யோகர்ட்டும் ஊறுகாயும் டேங்கி. பழைய செடார் சீஸ் ஷார்ப். இந்த ஒரு பேச்சிலிருந்துதான் எனக்கு விஷயமே பிடிபட்டது. ஒவ்வொரு ருசிக்கும் இவர்களிடம் நல்ல முகம் ஒன்று, கெட்ட முகம் ஒன்று என இரண்டு வார்த்தை இருக்கிறது, வகுப்பில் நமக்குச் சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் கெட்ட முகம். 'ஆய்லி' குறை, 'ரிச்' பாராட்டு. 'இட் ஸ்மெல்ஸ்' என்று நிறுத்தினால் நாறுகிறது என்று அர்த்தம், 'ஸ்மெல்ஸ் லவ்லி' என்று முடிக்க வேண்டும். 'டூ' போட்டால் எப்போதும் அதிகமாகிவிட்டது என்ற புகார்தான், 'டூ ஸ்வீட்' என்றால் திகட்டுகிறது. உப்பு உறைப்பு இல்லாமல் சப்பென்று இருப்பது 'பிளாண்ட்'. பீட்ரூட்டின் மண்வாசனை 'எர்த்தி'. நிறுத்த முடியாமல் கொறிக்க வைக்கிற முறுக்கு வகையறாவுக்கு 'மோரிஷ்', இந்த வார்த்தையைச் சொன்னால் சமைத்தவர் முகம் மலர்வதைப் பார்க்கலாம். ரூபார்ப் பற்றி ஒரு எச்சரிக்கையும் உண்டு. அந்த அம்மா தோட்டத்தில் அகலமாக, பச்சைப்பசேல் என்று இலை விட்டிருந்தது, நம் ஆட்கள் பார்த்தால் கூட்டு வைக்கத்தான் தோன்றும். இலை விஷம், ஆக்சாலிக் அமிலம் நிறைந்தது. தண்டு மட்டும்தான்.

பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்வது இன்னும் நுணுக்கம். புது வேலையில் ஒருவர் பான்டிஃப்ராக்ட் கேக் சாப்பிடுகிறாயா என்று நீட்டினார். இந்த கேக்கும் கேக் இல்லை. பக்கத்து ஊரான பான்டிஃப்ராக்டின் கோட்டை முத்திரை குத்திய கறுப்பு நாணயம் மாதிரி ஒரு மிட்டாய். வாயில் போட்டதும் சின்ன வயதில் இருமலுக்கு ஆச்சி கடைவாயில் அடக்கிக்கொள்ளச் சொன்ன அதிமதுரம்! லிக்கரிஸ் என்பது அதுவேதான். எனக்குப் பழக்கம், மென்று தின்றுவிட்டேன், அவருக்குத்தான் ஏமாற்றம், முகத்தைச் சுளிப்பேன் என்று எதிர்பார்த்திருந்தார். (தினமும் நிறையத் தின்றால் ரத்த அழுத்தம் ஏறும், பிரஷர் உள்ளவர்கள் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள்.) மார்மைட்டில் அவர் ஜெயித்தார். பீர் தயாரிப்பில் மிஞ்சுகிற ஈஸ்டிலிருந்து 1902 முதல் செய்யப்படும் கறுப்புப் பசை, ரொட்டியில் மெல்லிசாகத் தடவ வேண்டியதை நான் ஜாம் மாதிரி அப்பிக்கொண்டேன். உப்புக்கரித்த அந்தக் கொடுமையை என்னவென்று சொல்வது? "வெரி பேட்" என்று வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு முழித்தேன். அந்த இடத்துக்கு இவர்கள் வைத்திருப்பது 'நாட் ரியலி ஃபார் மீ'. 'அக்வயர்ட் டேஸ்ட்' என்றால் பழகினால்தான் பிடிக்கும். யாராவது உங்கள் ரசத்தைக் குடித்துவிட்டு 'இன்ட்ரஸ்டிங்' என்று சொன்னால் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள், மறுபடி ஊற்றவும் வேண்டாம்.

ஒரு ருசிக்கு மட்டும் எனக்கு இன்னும் வழி கிடைக்கவில்லை. அறுசுவையில் துவர்ப்பு. வாழைப்பூவுக்கும் கொட்டைப்பாக்குக்கும் நெல்லிக்காய்க்கும் நாம் சட்டென்று சொல்லிவிடுகிறோம். அகராதியில் தேடினால் அஸ்ட்ரிஞ்ஜென்ட் என்று வரும், கடையில் அப்படிச் சொன்னால் முகத்துக்குப் போடுகிற லோஷனா என்று கேட்கிறார்கள். ரொம்ப நேரம் ஊறித் துவர்த்துப்போன டீக்கு 'ஸ்டூட்' என்று ஒரு வார்த்தை உண்டு, அது டீக்கு மட்டும்தான். வாழைப்பூ வடை கொண்டுபோன அன்று வாயை ஒட்டுகிற மாதிரி இருக்கும் என்று கையால் காட்டிச் சமாளித்தேன். இதற்காக இங்கிலீஷைக் குறை சொல்லவும் முடியாது. அந்த யாழ்ப்பாணத்து அண்ணன் கடையிலேயே எனக்குத் தமிழ் போதவில்லை. தேசிக்காய் என்றால் எலுமிச்சை, உள்ளி என்றால் பூண்டு, கச்சான் என்றால் நிலக்கடலை என்று அங்கேயும் முதலிலிருந்து படித்தேன்.

நான் படித்த விதம் ரொம்ப மலிவு. சூப்பர்மார்க்கெட்டில் மாலை நேரத்தில் தேதி முடியப்போகும் பொருட்களில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி விலையைக் குறைப்பார்கள். பெயர் தெரியாத ஒன்றை அங்கிருந்து எடுத்து, முன்பக்கம் அந்த ருசியை எப்படி வர்ணித்திருக்கிறார்கள் என்று படித்துவிட்டு, வாயில் வைத்துப் பார்த்து, தமிழில் நாம் என்ன சொல்வோம் என்று போனில் எழுதிக்கொள்வேன். வார்த்தையும் ருசியும் ஒரே நேரத்தில் உள்ளே போனால் மறப்பதில்லை, ராக்கெட் கீரைக்கு 'பெப்பரி' என்று போட்டிருந்ததைக் கடித்த நொடியில் புரிந்துகொண்டேன். அந்த ஸ்டிக்கர் பொருளில் 'யூஸ் பை' தேதி இருந்தால் அதைத் தாண்டிச் சாப்பிடவே கூடாது, அது உடம்புக்கான எச்சரிக்கை. 'பெஸ்ட் பிஃபோர்' என்றால் தேதி தாண்டினால் ருசி குறையலாம், அவ்வளவுதான்.

செப்டம்பரில் வருகிறவர்களுக்கு நவம்பர் வாக்கிலேயே எல்லாக் கடையிலும் மின்ஸ் பை அடுக்கிவிடுவார்கள், கிறிஸ்துமஸ் பலகாரம், ஆபீசிலும் லேபிலும் தட்டில் வைத்து நீட்டுவார்கள். உள்ளே இருப்பதற்குப் பெயர் மின்ஸ்மீட். அதில் கறி கிடையாது, திராட்சையும் ஆப்பிளும் பட்டை, கிராம்பும்தான், பெயரைப் பார்த்து ஓடிவிட வேண்டாம், கேசரியில் முந்திரி தேடுகிறவர்களுக்குக் கட்டாயம் பிடிக்கும். ஆனால் பெட்டியைத் திருப்பி சூயெட் என்ற இடத்தைப் பாருங்கள். 'வெஜிடபிள் சூயெட்' என்றிருந்தால் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், 'பீஃப் சூயெட்' என்றிருந்தால் மாட்டுக் கொழுப்பு. வீட்டில் செய்தது என்றால் செய்தவரிடமே கேட்டுவிடுங்கள், சில பேர் பிராந்தியும் ஊற்றுவார்கள்.